வெறும் பாக்குதானே?

“புகையிலையை விட்டாச்சு டாக்டர், இப்ப வெறும் சுபாரிதான்.” அந்தமானில் இதைச் சொல்கிறவர் ஒரு நோன்பை முடித்த திருப்தியோடுதான் சொல்வார். கேட்கிறவரும் பெரும்பாலும் தலையாட்டிவிடுவார். புகையிலை நஞ்சு, பாக்கு அப்பாவி என்ற தீர்ப்பு நமக்குள் அந்த அளவுக்கு ஊறியிருக்கிறது. பயமுறுத்தும் படங்களெல்லாம் புகையிலைப் பொட்டலத்தின் மேல்தான் அச்சாகின்றன. பாக்கு கல்யாணத் தட்டிலும் கோயில் தட்டிலும் கௌரவமாக உட்கார்ந்திருக்கிறது. இங்குள்ள பெரார்கஞ்ச் வட்டத்தில் அது பல குடும்பங்களின் வருமானமும்கூட. தென்னைக்கு அடுத்தபடி இந்தத் தீவுகளின் தோட்டப்பயிர் அதுதான். தனக்குச் சோறு போடும் மரத்தின் மேல் யார் பழி சொல்வார்கள்?

நான் சொல்கிறேன். வெறும் பாக்கு தீங்கற்றது என்ற கருத்து தவறு. அதைத் தவறென்று காட்டும் ஆதாரம் நம் வாய்க்குள்ளேயே ஒரு நோயாக இருக்கிறது. அதை ‘அபூர்வ நோய்’ என்று ஒதுக்குவது இரண்டாவது தவறு. பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்காரர்கள்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும் என்று நம்பிக் காத்திருப்பது மூன்றாவது.

நோயின் பெயர் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ். வாயின் உள்தோலுக்கு அடியில் நார் படிந்து இறுகிப்போகும். முதலில் காரம் தாங்காது. நேற்றுவரை சாப்பிட்ட அதே மீன்குழம்பு இன்று எரியும். இதை வயிற்றுச் சூடு என்றும் வைட்டமின் குறைவு என்றும் சொல்லி மாத்திரை வாங்கித் தின்றே ஓராண்டு போய்விடும். பிறகு கன்னத்தின் உட்புறம் வெளிறும். விரலால் தடவினால் மேலிருந்து கீழாக ஓடும் நார்ப்பட்டைகள் தட்டுப்படும். உள்நாக்கு சுருங்கும், நாக்கை நீட்ட வராது, விசிலடிக்க வராது. நார் தொண்டைப் பக்கம் பரவினால் குரல் மூக்கால் வரும், காதும் அடைத்துக்கொள்ளும். வாய் திறக்கும் அளவு மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வரும். ஆரோக்கியமான பெரியவர் தம்முடைய மூன்று விரல்களைச் செங்குத்தாக முன்பற்களுக்கு நடுவே நுழைக்க முடியும். இந்த நோயாளிக்கு இரண்டு போகும், பிறகு ஒன்று போகும், கடைசியில் ஸ்பூன் போவதே கஷ்டம்.

இதை மருத்துவ உலகம் முதலில் அதிசயமாகத்தான் பார்த்தது. 1952ல் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் கென்யாவிலிருந்து வந்த ஐந்து இந்தியப் பெண்களின் வாயில் இதைக் கண்டு, காரணம் தெரியாத வெப்பமண்டலத் தேய்வு என்ற பொருளில் நீண்ட லத்தீன் பெயர் ஒன்றைச் சூட்டினார். அடுத்த ஆண்டே பம்பாயில் எஸ். ஜி. ஜோஷி இதே நோயை விவரித்தார். இன்று புழங்கும் பெயர் அவர் வைத்ததிலிருந்து வந்ததுதான். ஐரோப்பியப் பாடநூலுக்கு இது அரிதான நோய்தான். லண்டனில் எழுதப்பட்ட புத்தகத்தில் அது சரி. அதே புத்தகத்தைப் படித்துவிட்டு, வீட்டுக்கு வீடு பாக்குவெட்டி இருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு ‘அபூர்வ கேஸ்’ என்று நாமும் எழுதுவதுதான் வேடிக்கை.

காரணம் தேடிய கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பாக்கின் வக்கீல்கள் இன்னும் அந்தக் கதையின் முதல் அத்தியாயத்தில்தான் நிற்கிறார்கள். ஆரம்பத்தில் சந்தேகம் மிளகாய் மேல் விழுந்தது. 1960ல் பம்பாயில் சிர்சாத்தும் கனோல்கரும் எலிகளின் மேலண்ணத்தில் மிளகாயின் காரச்சத்தைத் தடவிப் பார்த்தார்கள். சில மாற்றங்கள் தெரிந்தன. பிறர் செய்த சோதனைகளில் அது நிலைக்கவில்லை. மிளகாய் பிறந்த மெக்சிகோவிலேயே இந்த நோயைக் காணோம் என்பதை யோசித்தாலே போதும். அடுத்து இரும்புச்சத்துக் குறைவைச் சொன்னார்கள். அது நோயைக் கூட்டலாம், ஆனால் இரத்தசோகை உள்ள நாடுகளெல்லாம் வாய் இறுகிக் கிடக்கவில்லை.

எஞ்சியது பாக்கு. குஜராத்தின் பாவ்நகரில் 60 நோயாளிகளை வைத்துச் செய்து 1990ல் வெளியான ஒப்பீட்டாய்வில், நோயாளிகளில் 98 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் பாக்கு மென்றவர்கள். நோயில்லாத ஒப்பீட்டுக் குழுவில் அது 35 சதவீதம்தான். ஆய்வுக்கூடத்திலிருந்தும் விளக்கம் கிடைத்தது. பாக்கிலுள்ள அரிகோலின், நார் நெய்யும் செல்களைத் தூண்டிவிடுகிறது. அதன் துவர்ப்புச்சத்து, பழைய நாரைக் கரைக்கும் நொதியைத் தடுக்கிறது. பாக்கில் தாராளமாக இருக்கும் செம்பு, நார் இழைகளைப் பின்னிப் பிணைக்கும் நொதிக்கு ஊக்கம் கொடுக்கிறது. உற்பத்தி கூடுகிறது, அழிவு குறைகிறது, முடிச்சு இறுகுகிறது. மூன்றும் ஒரே கொட்டைக்குள் இருக்கின்றன. புகையிலைக்கு இதில் எந்த வேலையும் இல்லை.

“கூடவே புகையிலையும் போட்டிருப்பார்கள், பழி பாக்கின் மேல்” என்று ஒரு வாதம் வரும். நியாயமான சந்தேகம்தான், அதைச் சோதிக்கவும் வழி உண்டு. புகையிலையை மட்டும் வாயில் ஒதுக்கும் நாட்டைப் பாருங்கள்: சுவீடனில் தலைமுறை தலைமுறையாக ஸ்னூஸ் என்ற புகையிலையை வைக்கிறார்கள், அங்கே வாய் இறுகும் நோய் இல்லை. பாக்கை மட்டும் போடும் நாட்டைப் பாருங்கள்: தைவானில் சுண்ணாம்பும் வெற்றிலைக்கொடிப் பூங்கதிரும் சேர்த்துப் பச்சைப் பாக்கை மெல்கிறார்கள், அதில் புகையிலை சேர்ப்பதில்லை. பாக்கின் இன்னொரு விளைவான வாய்ப்புற்று அங்கே ஆண்களின் முன்னணிப் புற்றுகளில் ஒன்று. பாப்புவா நியூகினியிலும் வழக்கமான சேர்மானத்தில் புகையிலை கிடையாது, அங்கே வாய்ப்புற்று உலகிலேயே மிக அதிகமான இடங்களில் ஒன்றாக இருக்கிறது. நம்மவர் கதையும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்பு வெட்டக் கப்பலேறிய குடும்பங்களின் வழிவந்த பெண்களிடம், பெரும்பாலும் புகையிலை சேராத பாக்குப் பழக்கம் இருந்தது. அவர்களிடம் வந்த வாய்ப்புற்றை ஆராய்ந்து வான் வைக் குழுவினர் 1993ல் எழுதியபோது விரல் நீட்டியது பாக்கை நோக்கித்தான்.

எதிர்த்தரப்புக்கு ஒரு விஷயத்தில் நியாயம் செய்ய வேண்டும். புகையிலை இல்லாத வெற்றிலைபாக்கு புற்று தரும் என்பதற்குச் சான்று போதாது என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றாய்வு முகமையே 1985ல் சொன்னது. அன்று மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள் அதைத்தான் படித்தார்கள், தங்கள் மாணவர்களுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் அதே முகமை புதிய சான்றுகளை எடைபோட்டு, 2004ல் வெளியிட்ட 85ஆம் தொகுதியில் புகையிலை சேராத வெற்றிலைபாக்கையும், தனிப் பாக்கையும் மனிதருக்குப் புற்று தருபவை என்று முதல் பிரிவில் வைத்தது. இருபதாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. செய்தி இன்னும் கடல் தாண்டவில்லை போலிருக்கிறது.

முதல் பிரிவு என்றதும் இன்னொரு மறுப்பு கிளம்பும். “பதப்படுத்திய இறைச்சியும்தான் அந்தப் பட்டியலில் இருக்கிறது, அதற்காக யாரும் பதறவில்லையே” என்பார்கள். அந்தப் பட்டியல் சொல்வது சான்றின் உறுதியை. தீங்கு எவ்வளவு பெரியது என்பதை அது சொல்லாது. அதற்கு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். அந்த முகமையின் கணக்குப்படி 2022ல் உலகில் வந்த சுமார் 3,89,800 வாய்ப்புற்றுகளில் 1,20,200 புகையில்லாப் புகையிலையாலும் பாக்காலும் வந்தவை. அவற்றில் 83,400 இந்தியாவில். இதில் பாக்கின் பங்கு தனியாக எவ்வளவு என்று சண்டை பிடிக்கலாம். சிறிய பங்குதான் என்று சொல்ல மட்டும் எவராலும் முடியாது.

இனி பாட்டி. “எங்கள் பாட்டி எண்பது வயதுவரை இடித்துப் போட்டாள், என்ன ஆயிற்று?” என்று கேட்காதவர் இல்லை. எண்பது வரை இருந்த பாட்டியைத்தான் பேரன் பார்த்திருப்பான். வாய் இறுகி, கஞ்சி குடித்துக் காலமான பாட்டியின் கதையைச் சொல்லப் பேரன் பிறந்திருக்கவே மாட்டான். அதைவிட முக்கியமானது ஒன்று. ஷ்வார்ட்ஸும் ஜோஷியும் 1950களின் தொடக்கத்தில் கண்ட நோயாளிகள் பொட்டலத்தைப் பார்த்தவர்கள் அல்லர். பான் மசாலா சாஷே கடைத்தெருவில் தொங்கத் தொடங்கியது வெகு பின்னால். ஆக, பாட்டி காலத்துப் பாக்கே இந்த நோயைத் தந்திருக்கிறது. பொட்டலம் வேகத்தைக் கூட்டியது, அவ்வளவுதான். ஹைதராபாத் ஆய்வாளர்கள் 1996ல் ஒப்பிட்டபோது, வெற்றிலையோடு பாக்கு போட்டவர்களுக்கு நோய் வரச் சராசரியாக எட்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன. பான் மசாலாக்காரர்களுக்கு மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. பொட்டலத்தில் ஈரமில்லை, இலையில்லை, எடைக்கு எடை உலர்ந்த பாக்குத்தான். வெற்றிலையை மட்டும் தனியே எடுத்து எந்த முகமையும் குற்றம் சாட்டவில்லை. சாஷே எறிந்தது வெற்றிலையை, வைத்துக்கொண்டது பாக்கை.

பாக்குச் சாற்றால் எலியின் புண் ஆறியது, சர்க்கரை குறைந்தது என்று தாளில் அச்சிட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. இருக்கலாம். அரிகோலினை ஒரு காலத்தில் நாயின் நாடாப்புழுவை வெளியேற்றக் கால்நடை மருத்துவர்களே கொடுத்திருக்கிறார்கள். மருந்துக்கடையில் அளந்து கொடுக்கும் பொருளை நாளெல்லாம் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்ள அது அனுமதி ஆகாது.

இப்போது என் சொந்தக் குலத்தின் மேல், அதாவது பல் மருத்துவ ஆராய்ச்சியின் மேல், கொஞ்சம் கோபப்படப் போகிறேன். இந்த நோய்க்கு மருந்து தேடி நாட்டில் எழுதப்பட்ட பட்டமேற்படிப்பு ஆய்வேடுகளை அடுக்கினால் ஒரு நூலகம் தேறும். ஸ்டீராய்டு ஊசி, ஹயலுரோனிடேஸ் ஊசி, தக்காளியின் லைக்கோபீன், பென்டாக்சிஃபைலின், மஞ்சள், கற்றாழை, ஸ்பைருலினா என்று எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. பெரும்பாலானவை சில டஜன் நோயாளிகளோடு சில மாதங்கள் நடந்தவை. கடைசி அட்டவணையில் வாய்த்திறப்பு சில மில்லிமீட்டர் கூடியதாக இருக்கும். அந்த மில்லிமீட்டர்கள் மருந்தால் கூடினவா, ஆய்வுக்காக நோயாளி பாக்கை நிறுத்தியதால் கூடினவா, தினமும் ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்துப் பயிற்சி செய்ததால் கூடினவா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழுமம் 2008ல் சல்லடை போட்டபோது தரத்துக்குத் தேறியவை இரண்டே சோதனைகள், மொத்தம் 87 பேர். 2024ல் மீண்டும் சலித்தார்கள். ஆய்வுகளின் எண்ணிக்கை பெருகியிருந்தது. எந்த மருந்தையும் துணிந்து பரிந்துரைக்கும் அளவுக்கு உறுதி மட்டும் அப்போதும் இல்லை. கத்தி வைத்தாலும் அதே நிலைமைதான். நார்ப்பட்டையை அறுத்து, கன்னத்துக் கொழுப்பையோ மூக்கோரத் தோலையோ வைத்துத் தைக்கிறார்கள். மாதக்கணக்கில் வாய்ப்பயிற்சியைத் தொடராவிட்டால், பாக்கையும் விடாவிட்டால், வடு மறுபடி இறுகும்.

‘வெறும் பாக்குதானே’ என்ற சொல்லின் விலை இங்கேதான் தெரிகிறது. படிந்த நார் கரைவதில்லை. பழக்கத்தை விட்டால் மேலும் இறுகுவது நிற்கலாம், எரிச்சல் குறையலாம். இழந்த வாய் முழுதாகத் திரும்புவதில்லை. இதில் புற்று வேறு. எர்ணாகுளம் மாவட்டத்தில் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தாரும் டென்மார்க்கின் பிண்ட்போர்க்கும் 66 நோயாளிகளை 17 ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்தார்கள். ஐந்து பேருக்குப் புற்று வந்தது, 7.6 சதவீதம். சிறிய கூட்டம்தான், மற்ற இடங்களில் விகிதம் கூடலாம், குறையலாம். ஆனால் சிகிச்சைக்காரனின் பக்கத்திலிருந்து பாருங்கள். வாய் திறக்காதவனுக்குள்ளே வளரும் புற்றைக் கண்ணாடி வைத்துப் பார்க்க முடியாது. சதை எடுத்துச் சோதிக்கக் கருவி நுழையாது. அறுவைக்கு மயக்கம் கொடுக்க வருகிற மருத்துவர் தொண்டைக்குழாயை வாய்வழியே இறக்க முடியாது. விழித்திருக்கும் நோயாளியின் மூக்குவழியே இழைக்கேமராவைச் செலுத்தி மூச்சுவழியைத் தேடிப்பிடிக்க வேண்டும். கதிர்வீச்சு கொடுத்தால் இருக்கிற இறுக்கமும் கூடும். புற்றைத் தூண்டி, தூண்டியதை மறைத்து, மறைந்ததைத் தொடவிடாமலும் செய்கிற நோய் இது. இதற்கு ‘வெறும்’ என்ற அடைமொழி எப்படிப் பொருந்தும்?

சிகிச்சை இவ்வளவு பலவீனமாக இருக்கும்போது பலமெல்லாம் சீக்கிரம் கண்டுபிடிப்பதில்தான். அந்த இடத்தில்தான் மூன்றாவது தவறு குறுக்கே நிற்கிறது. “அதற்கு மெயின்லாண்ட் போகணும்.” பெரார்கஞ்சில் இருப்பவருக்கு அந்தமான் டிரங்க் ரோடு வழியே தலைநகரம் போவதே ஒரு நாள் கூலியைத் தின்றுவிடும். அங்கிருந்து சென்னைக்குக் கப்பல் என்றால் மூன்று நாள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வாசலில் நம் தீவுக்காரர்கள் போய் நிற்பது பெரும்பாலும் கட்டி முற்றியபிறகுதான் என்றால், பயணச்செலவு அதற்கு ஒரு காரணம் மட்டுமே. அதற்கு முந்தைய ஆண்டுகளில் உள்ளூரில் யாரும் வாயைத் திறக்கச் சொல்லவில்லை என்பது பெரிய காரணம்.

திறக்கச் சொல்ல நிபுணர் தேவையில்லை என்பதை நமக்குப் பக்கத்து நாடே காட்டியிருக்கிறது. இலங்கையில் சமன் வர்ணகுலசூரிய குழுவினர் ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கிராமங்களில் வாய் பார்க்கவைத்து, அவர்களால் சந்தேகத்துக்குரிய மாற்றங்களை அடையாளம் காண முடிகிறது என்று 1984ல் எழுதினார்கள். அனுப்பப்பட்டவர்களில் பலர் மேல்பரிசோதனைக்கு வராததுதான் அங்கே சிக்கல். பார்த்தவர்களின் திறமை சிக்கலாக இருக்கவில்லை. திருவனந்தபுரத்தில் 1996ல் தொடங்கிய பெரிய சோதனையில் சாதாரணப் பட்டதாரிகளைப் பயிற்றுவித்து வீடுவீடாக அனுப்பினார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடம் வாய்ப்புற்று மரணம் 34 சதவீதம் குறைந்ததாக 2005ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. பழக்கமில்லாதவர்களிடம் பலன் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். யாரைப் பார்ப்பது என்பதற்கு அதுவே விடை. தைவான் அதைப் பிடித்துக்கொண்டு, புகைப்பவர்களையும் பாக்கு மெல்பவர்களையும் மட்டும் அழைத்து 23 லட்சம் பேரின் வாயைப் பார்த்தது. வந்தவர்கள் தாமாக வந்தவர்கள் என்ற சாய்வைக் கழித்த பிறகும் மரணம் 26 சதவீதம் குறைந்திருந்தது.

பெரார்கஞ்சுக்கு இது பொருந்துமா? வேறெங்கே பொருந்தும் என்று கேட்கிறேன். 1920களில் தலைமை ஆணையராக இருந்த ஃபெரார் பெயரில் அமைந்த இந்தப் பகுதியில் அன்று பாந்து என்ற சமூகத்தினர் குடியேற்றப்பட்டார்கள். கிழக்கு வங்க அகதிகளும் ராஞ்சித் தொழிலாளரும் வந்தார்கள், மலையாளிகளும் நாமும் வந்தோம். மொழி ஆளுக்கொன்று, வாயில் ஒதுக்குவது மட்டும் பொது. அன்று போர்ட் பிளேயர் எனப்பட்ட தலைநகரிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி மையத்தார் தீவுகளெங்கும் 18,018 பேரைக் கண்டு 2012ல் வெளியிட்ட ஆய்வில், ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துபவர்கள் 48.9 சதவீதம். மெல்லுவது மட்டும் 40.9 சதவீதம். நல்ல ஆய்வு, இவ்வளவு பெரிய கணக்கு எடுத்ததற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அதன் தலைப்பும் புகையிலைதான். புகையிலையை விட்டுவிட்டு வெறும் பாக்குக்கு மாறிய நம் நோன்பாளி இப்படிப்பட்ட கணக்கில் நல்ல பிள்ளையாகிவிடுவார். அவருடைய நார் மட்டும் இறுகிக்கொண்டிருக்கும்.

“பாக்கு போதையா என்ன, நினைத்தால் விட்டுவிடலாம்” என்பது கடைசியாக வரும் வாதம். உலகில் சுமார் 60 கோடிப் பேர் பழகிய பொருள் அது. நிக்கோட்டின், மது, காஃபின் இவற்றுக்கு அடுத்த இடம். நிக்கோட்டின் பிடித்துத் தொங்கும் அதே நரம்பு ஏற்பிகளில் அரிகோலினும் வேலை செய்கிறது என்று ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தார் 2015ல் காட்டினார்கள். விடுவதற்கு உதவி வேண்டும், உதவினால் விடுகிறார்கள். குவாம், சைப்பன் தீவுகளில் பாக்கு மெல்பவர்களை வகுப்புக்கு அழைத்துப் பயிற்சி கொடுத்துச் சோதித்தபோது, வகுப்புக்கு வந்த குழுவில் விட்டவர்கள் தெளிவாக அதிகம். அவையும் நம்மைப்போல் பாக்குத் தீவுகள்தாம்.

தோட்டக்காரர்களின் கோபம் எனக்குப் புரியாமலில்லை. 2023ல் இறக்குமதிப் பாக்கின் குறைந்தபட்ச விலையைக் கிலோவுக்கு 251 ரூபாயிலிருந்து 351 ஆக்கி ஒன்றிய அரசு அவர்களைக் காத்தது. ஒரு கையால் விலையைத் தாங்குகிற அரசு இன்னொரு கையால் எச்சரிக்கை எழுதத் தயங்கும், அது அரசியல். பயிர் மாற்றம் பற்றி வேளாண் துறை பேசட்டும், அதற்குப் பத்து வருடமாகும். வாயைப் பார்ப்பதற்கு அவ்வளவு காலம் வேண்டாம். ரத்த அழுத்தம் பார்க்கத் துணை சுகாதார நிலையத்துக்கு வருகிறவரிடம் அந்த நர்ஸம்மா மூன்று விரலை வைத்துப் பார்க்கச் சொல்லலாம். ஸ்கேலால் மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவிலுள்ள தூரத்தை அளந்து சீட்டில் எழுதலாம். ஆறு மாதம் கழித்து அதே சீட்டில் மறுபடி எழுதினால், குறைந்திருக்கிறதா என்று அவருக்கே தெரிந்துவிடும். அடுத்த கணக்கெடுப்புக்கு வருகிறவர்கள், புகையிலை உண்டா என்ற கேள்விக்குக் கீழே தனி வரி போட்டுக் கேட்கட்டும்: பாக்கு உண்டா, நாளைக்கு எத்தனை முறை, பொட்டலமா கொட்டையா, ராத்திரி வாயில் வைத்துக்கொண்டே தூங்குவதுண்டா?